உப்பும் உயிரும்

இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, வேதியியல் துறை

அறிவியல் வளர்ந்தால்தான் நாடு வளரும் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. பேசுவதில் தவறில்லை. ஆனால் அந்த அறிவியல் நம் வகுப்பறைகளில் எவ்வாறு கற்கப்படுகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பள்ளியில் தொடங்கிப் பட்டப்படிப்பு வரை நாம் வேதியியல் படிக்கிறோம், உயிரியல் படிக்கிறோம். தேர்வு எழுதுகிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். இத்தனை ஆண்டுக் கல்விக்குப் பின், நம் அடுக்களையிலோ வயலிலோ மருந்துப் பெட்டியிலோ இருக்கும் ஒரு பொருளைக் கையில் எடுத்து, “இது இன்னது, உடலுக்குள் போனால் இன்ன வேலை செய்யும்” என்று பெற்ற தாய்க்கு விளக்கிச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? இக்கேள்வியை மாணவ நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் பணிவோடு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பச்சை உப்பு

பெரஸ் சல்பேட்டை அறியாத வேதியியல் மாணவர் இல்லை. வெளிர்பச்சை நிறப் படிகம். நைட்ரேட்டைக் கண்டறியும் பழுப்பு வளையச் சோதனைக்கு இதன் கரைசல் வேண்டும். “புதிதாகத் தயாரித்த கரைசல்” என்று நூலில் எழுதியிருக்கும். நாமும் அப்படியே பதிவேட்டில் எழுதுகிறோம். ஏன் புதிதாகத் தயாரிக்க வேண்டும்? காற்று பட்டால் பெரஸ் இரும்பு பெரிக் இரும்பாக மாறிவிடும். கரைசலின் பச்சை மங்கி மஞ்சளும் பழுப்பும் தோன்றும். சோதனை கெடும்.

இதே உப்புக்கு நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று பெயர். அன்னபேதியைக் கொண்டு சித்த மருத்துவர்கள் செய்யும் செந்தூரம் சோகை நோய்க்குத் தரப்படுகிறது. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி கலந்தால் கருநிற மை கிடைக்கும். பள்ளிகளில் மாணவியருக்கு வாரம் ஒன்று வழங்கும் இரும்புச் சத்து மாத்திரையிலும், மருத்துவமனையில் கருவுற்ற தாய்மார்களுக்குத் தரும் மாத்திரையிலும் இருப்பது பெரும்பாலும் இந்தப் பெரஸ் சல்பேட்டுதான்.

அந்த மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள் என்கிறார் செவிலியர். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் நல்லது என்கிறார். காரணம் என்ன? நம் குடல் பெரஸ் இரும்பை எளிதில் ஏற்கும்; பெரிக் இரும்பை எளிதில் ஏற்காது. எலுமிச்சையிலும் நெல்லியிலும் உள்ள வைட்டமின் சி, இரும்பைப் பெரஸ் நிலையிலேயே வைத்திருக்க உதவுகிறது. தேநீரின் துவர்ப்புப் பொருள்களோ இரும்பைப் பற்றிக்கொண்டு உடலுக்குள் செல்லவிடாமல் தடுக்கின்றன. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி கறுப்பதும் அத்தகைய துவர்ப்பினால்தான். ஆய்வுக்கூடத்தில் “புதிதாகத் தயாரித்த கரைசல்” என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிய வேதியியலே செவிலியரின் அறிவுரைக்குள்ளும் இருக்கிறது!

இது ஏதோ சுவையான செய்தி என்று விட்டுவிடக் கூடியதன்று. 2019-21 ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகை உடையவர்கள். தமிழ்நாட்டிலும் அது பாதிக்கு மேல். அப்படியானால் நம் வகுப்பில் நம்மோடு அமர்ந்திருக்கும் தோழியரிலும் பலர் அதற்கு ஆளாகி இருக்கலாம். மாத்திரை கைக்கு வருகிறது; வயிற்றைப் புரட்டுகிறது என்று குப்பைக்கும் போகிறது. உப்பின் வேதியியலைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிய அதே பெண், அந்த உப்பை மாத்திரையாகக் கண்டபோது அடையாளம் காணாமல் போனால், அந்தப் பத்து மதிப்பெண்ணால் ஆன பயன்தான் என்ன?

சுவர் எழுப்பியது யார்?

வேதியியலும் உயிரியலும் பிறக்கும்போதே தனித்தனி வீட்டில் பிறந்தவை அல்ல. 1771-இல் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாத் தழையை வைத்தார். சில நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது. அவர் செய்தது வேதியியல் சோதனையா, தாவரவியல் சோதனையா? 1782-83 குளிர்காலத்தில் லவாய்சியேயும் லாப்லாசும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துள் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் உருகிய பனியை அளந்தார்கள். மூச்சு விடுவதும் ஒருவகை மெல்லிய எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள். 1828-இல் வோலர், உயிரற்ற பொருளாகிய அம்மோனியம் சயனேட்டிலிருந்து, உடலில் உண்டாகும் யூரியாவை ஆக்கிக் காட்டினார்.

நமக்கு அருகிலும் சான்று உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ், அமெரிக்கா சென்று உயிர்வேதியியலில் ஈடுபட்டார். உடற்பொருள்களில் பாஸ்பரசை அளக்க அவரும் பிஸ்கும் 1925-இல் வகுத்த முறை இருவர் பெயராலும் வழங்குகிறது. தசை இயங்கத் துணைசெய்யும் பாஸ்பரஸ் சேர்மங்களைக் கண்டறிந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பின்னர் அவர் வழிநடத்திய ஆய்வுக் குழு, 1945-இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. மேலே சொன்ன இரும்பு மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது இந்தப் போலிக் அமிலம்தான். மருத்துவம் படித்தவர் வேதியியலைத் தமக்குப் புறம்பானது என்று ஒதுக்கியிருந்தால் இவை அவர் கையால் நடந்திருக்குமா?

நாமோ சுவர் எழுப்பிக்கொண்டோம். விலங்கியல் மாணவருக்கு வேதியியல் ஒரு துணைப்பாடம். எப்படியாவது தேறிவிட்டால் போதும், அரியர் விழாமல் இருந்தால் போதும் என்ற நினைப்பு. வேதியியல் மாணவரோ பன்னிரண்டாம் வகுப்போடு தவளைக்கும் செம்பருத்திக்கும் விடை கொடுத்துவிட்டார். காப்பர் சல்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேதியியல் கூடத்தில் அது ஒரு நீல உப்பு. தாவர நோயியல் வகுப்பிலோ, சுண்ணாம்போடு சேர்ந்து போர்டோ கலவை. 1885-இல் பிரான்சு நாட்டுத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே, திராட்சைக் கொடியைத் தாக்கிய நோய்க்கு மருந்தாக அறிவித்தது. உழவருக்கு அது மயில்துத்தம். மூன்று பெயரும் ஒரே பொருள் என்பதை ஒரே வகுப்பில் ஒரே நாளில் சொல்லக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

ஆய்வுக்கூடமா, சடங்குக்கூடமா?

அடுத்து, செய்முறைப் பயிற்சி. உப்புப் பகுப்பாய்வு என்பது துப்பறியும் கலை. ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்வி. ஒவ்வொரு வீழ்படிவும் ஒரு விடை. ஆனால் நடைமுறையில் என்ன காண்கிறோம்? உப்பு கைக்கு வந்தவுடன் நிறத்தைப் பார்ப்பது. நீலமானால் காப்பர், இளஞ்சிவப்பானால் கோபால்ட் என்று முடிவு கட்டுவது. பிறகு முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து சோதனைகளை எழுதி நிரப்புவது. பருமனறி பகுப்பாய்வில் பக்கத்து மேசைக்காரரின் பியூரெட் அளவைக் கேட்டு, அதில் புள்ளி ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவது. பதிவேடு முத்துமுத்தான கையெழுத்தில் முழுமையாக இருக்கும். ஆய்வு மட்டும் நடந்திருக்காது.

இதற்கு மாணவரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. ஒரு மேசைக்கு இருக்க வேண்டியவரைப் போல் இருமடங்கு பேர் நிற்கும் கூடங்கள் உண்டு. வேதிப்பொருள் வாங்கும் பணம் காலத்தில் வராத கல்லூரிகள் உண்டு. பாடத்திட்டம் முடிய வேண்டும் என்ற அவசரம் ஆசிரியருக்கும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, “சரியான விடை”க்கே மதிப்பெண் என்ற முறை இருக்கும்வரை, கண்டதை எழுதுபவர் தோற்பார். கேட்டதை எழுதுபவர் வெல்வார். பொய்யான அளவை எழுதப் பழகிய கை, நாளை மருந்துத் தொழிற்சாலையிலோ இரத்தப் பரிசோதனை நிலையத்திலோ உட்காரும்போது என்ன எழுதும்? அங்கே ஒரு புள்ளி மாறினால் ஓர் உயிரின் கணக்கே மாறிவிடும் அன்றோ?

உயிரியல் கூடத்திலும் மாற்றம் வந்துவிட்டது. மெழுகுத் தட்டில் தவளையை அறுத்துப் பார்த்த காலத்தை நம் மூத்த பேராசிரியர்கள் நினைவுகூர்வார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் தவளை போன இடத்தில் சுவர்ப்படம் மட்டுமே வந்து உட்கார்ந்தால் போதுமா? குட்டையில் தலைப்பிரட்டை தவளையாவதை நாள்தோறும் பார்த்துக் குறிப்பெடுக்கலாம். மாவு புளிப்பதையும், பால் தயிராவதையும், மூட்டம் போட்ட வாழைத்தார் பழுப்பதையும் பாடமாக்கலாம். புகையில் உள்ள எத்திலீன் காயைப் பழுக்க வைக்கிறது. அதே எத்திலீனைக் காய் தானும் சுரக்கிறது. இங்கே கரிம வேதியியல் எங்கே முடிகிறது, தாவரவியல் எங்கே தொடங்குகிறது?

சொல் தடையா, துணையா?

நம் கல்லூரி போன்ற அரசு கலைக் கல்லூரிகளுக்கு வருவோரில் பெரும்பாலோர் தமிழில் படித்து வந்தவர்கள். பலர் தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். 1978-இல் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கல்லூரிக்குள்ளேயே இருந்தது. கல்லூரி நடைக்கும் ஆங்கில நூலுக்கும் பழகிக்கொள்ள அந்த ஓராண்டு கிடைத்தது. இன்று பள்ளியிலிருந்து நேரே பட்டவகுப்பு. பள்ளியில் “சவ்வூடு பரவல்” என்று படித்து முழு மதிப்பெண் வாங்கிய மாணவர், கல்லூரியில் “ஆஸ்மாசிஸ்” என்று கேட்டதும் ஏதோ புதிய பாடம் என்று திகைக்கிறார். தெரிந்ததையே தெரியாதது என்று நம்பித் தாழ்வுற்று, முதல் பருவத்திலேயே பின் வரிசைக்குப் போய்விடுகிறார். அறிவுக் குறைவால் வந்த தோல்வியன்று இது. பெயர் மாறியதால் வந்த தோல்வி.

தமிழ்ச் சொற்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. சவ்வின் ஊடே பரவுவது சவ்வூடு பரவல். சொல்லே இலக்கணம் சொல்லிவிடுகிறது. ஒளியால் சேர்ப்பது ஒளிச்சேர்க்கை. இணையும் திறன் இணைதிறன். ஆங்கிலம் வழியாக வந்த ஆக்சிஜன் என்ற பெயருக்கு, “அமிலத்தைப் பிறப்பிப்பது” என்று கிரேக்கத்தில் பொருள். எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று லவாய்சியே எண்ணி இட்ட பெயர் அது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆகவே அயல்மொழிச் சொல் என்றாலே துல்லியம் என்று மயங்கவும் வேண்டாம். தமிழ்ச் சொல் மட்டும் போதும் என்று கதவைச் சாத்தவும் வேண்டாம். மேற்படிப்பு நூல்களும் ஆய்விதழ்களும் ஆங்கிலத்தில் இருக்கும்வரை அந்தச் சொற்களும் நமக்கு வேண்டும்.

தமிழில் அறிவியல் முடியுமா என்று இன்னும் கேட்போர் உளர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியால் 1875-இல் ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் தமிழில் வெளிவந்தது. பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்து முடிந்தது. முடியுமா என்ற கேள்விக்கு விடை எழுதி நெடுநாளாயிற்று. அந்த விடையை வகுப்பறைக்குள் கொண்டுவருவதே எஞ்சியிருக்கிறது.

ஆவன மூன்று

பெருந்திட்டம் எதுவும் வேண்டியதில்லை. அரசாணைக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நம் கல்லூரி எல்லைக்குள்ளேயே மூன்று செயல்களைத் தொடங்கலாம்.

முதலாவது, இருமொழிச் சொல்லேடு. முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஐந்து கலைச்சொற்களை இரு மொழியிலும், பொருளோடும், வீட்டிலோ ஊரிலோ கண்ட ஓர் எடுத்துக்காட்டோடும் எழுதி வரட்டும். ஒரு பருவத்துக்குத் தொண்ணூறு வேலை நாள்கள் என்றால் 450 சொற்கள். எந்தத் தொடக்க நூலையும் திகைப்பின்றித் திறக்க அவை பேருதவியாகும்.

இரண்டாவது, ஆய்வுக்கூடத்தில் நேர்மைக்கு மதிப்பெண். பருவத்தில் ஒருமுறையேனும், உப்பின் பெயரைச் சரியாகச் சொன்னதற்கல்லாமல், கண்டதைக் கண்டபடி எழுதியதற்கு மதிப்பெண் தரட்டும். விடை தவறினால் ஏன் தவறியது என்று மாணவர் ஆராய்ந்து எழுதட்டும்.

மூன்றாவது, கூட்டுச் செய்முறை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொண்டு பெரஸ் இரும்பை மதிப்பிடும் சோதனை நம் பாடத்தில் இருக்கிறது. ஸாலி கருவியால் ஹீமோகுளோபினை அளக்கும் சோதனை விலங்கியலாரிடம் இருக்கிறது. ஒரு நாள் பிற்பகல் இரு துறையாரும் ஒன்றுகூடட்டும். வேதியியல் மாணவர் இரும்பு மாத்திரையில் உள்ள இரும்பை அளக்கட்டும். விலங்கியல் மாணவர், விரும்பி முன்வருவோரின் ஹீமோகுளோபினை ஆசிரியர் மேற்பார்வையில் அளக்கட்டும். இரண்டு எண்களையும் ஒரே கரும்பலகையில் எழுதினால் அன்றைக்கே சுவர் இடியும். குறைவாக உள்ள தோழிக்கு மாத்திரையின் அருமையும், அதை எதனோடு உண்ண வேண்டும் என்பதும் யாரும் சொல்லாமலே விளங்கும்.

பாடத்திட்டத்தில் இல்லையே, தேர்வில் வராதே என்று சிலர் கூறலாம். தேர்வு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். உடலும் உணவும் நோயும் மருந்தும் ஆயுள் முழுதும் நம்மோடு வருபவை. நம் பெற்றோர் கூலி வேலை செய்தும் கடன் வாங்கியும் நம்மை அனுப்பியது வெறும் சான்றிதழுக்காக மட்டுமன்று. வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருந்தால் குடும்பத்துக்கு வழி தெரியும் என்ற நம்பிக்கையாலும்தான். அந்த நம்பிக்கைக்கு நாம் தரக்கூடிய முதல் வட்டி, கற்ற வேதியியலையும் உயிரியலையும் அவர்கள் மொழியில் அவர்களுக்கே எடுத்துச் சொல்வதாகும். வரும் கல்வியாண்டில் ஒரு சொல்லேட்டோடும் ஒரு கூட்டுச் செய்முறையோடும் நம் கல்லூரி இதைத் தொடங்கட்டும். உப்பை அறிவோம், உயிரைக் காப்போம்!