மரக்குடிலும் துருக்கிக் குளியலும்

பயணம் என்ற பேச்சு எழுந்தால் ஆடவர் வண்டியைப் பற்றிக் கேட்பர். பிள்ளைகள் வேடிக்கையைப் பற்றிக் கேட்பர். நம் பெண்களோ, "தண்ணீர் வசதி உண்டா?" என்றுதான் முதலில் கேட்பர். ஒளுவுக்கும் குளிப்புக்கும் தண்ணீரையே நம்பி வாழ்கின்றவர்கள் நாம். தண்ணீராலேயே பெயர் பெற்ற ஓர் ஆங்கில ஊரை ஒட்டிய காட்டுக்குள், மகள் குடும்பத்தாருடன் நான்கு இரவுகள் தங்கி வரும் வாய்ப்பை அல்லாஹ் எனக்கு அருளினான். அங்கே கண்டவற்றையும், அங்கே எங்களுக்குள் எழுந்த ஒரு பிணக்கையும் இம்மாதம் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

ஊரின் பெயர் ஹாரோகேட். இலண்டனுக்கு வடக்கே முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், யார்க்‌ஷயர் வட்டாரத்தில் உள்ளது. 1571ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்லிங்ஸ்பி என்பார் இங்குள்ள ஊற்று ஒன்றின் நீர் மருத்துவக் குணம் உடையதென்று கண்டாராம். அன்று தொடங்கிச் சீமான்களும் சீமாட்டிகளும் நோய் தீர்க்க இவ்வூரை நாடி வந்தனர். நம் குற்றாலம்போல் விழுந்து குளிக்கும் அருவியன்று. இது குடிக்கும் மருந்து. குளிர்ந்த கந்தக நீர். அழுகிய முட்டையின் வாடை வீசும் அதனைக் காசு கொடுத்துக் கோப்பை கோப்பையாக அருந்தியிருக்கின்றனர்! 1842இல் கந்தக ஊற்று ஒன்றின்மேல் எழுப்பிய மண்டபம் இன்று அருங்காட்சியகமாக நிற்கின்றது. ஊரின் நடுவே இருநூறு ஏக்கர்ப் புல்வெளி ஒன்று உண்டு. அதில் எவரும் வேலி போடக் கூடாதென்று 1770ஆம் ஆண்டுச் சட்டத்தால் காத்து வைத்திருக்கின்றனர். நண்பகலில் அதன் ஓரத்திலே விரிப்பை விரித்து லுஹர் தொழுதோம். நாயுடன் நடந்துவந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டதும் நாயை இழுத்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டு போனார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

குடில் ஊருக்கு வெளியே இருந்தது. உருண்டை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடத்தி, மூலைகளில் வெட்டிக் கோத்துக் கட்டிய வீடு. உள்ளே இரண்டு அறை, அடுப்படி, குளியலறை. வெளியே பலகைத் திண்ணை. விடுமுறைக்கு வருவோருக்கென இத்தகைய குடில்களைப் பத்து இருபதாகக் கட்டி வாடகைக்கு விடுகின்றனர். சட்டி பானை யாவும் அங்கேயே உண்டு. ஆயினும் அதற்குமுன் அதில் எது வெந்ததோ என்ற ஐயத்தால் என் மகள் வீட்டிலிருந்தே இரண்டு சட்டிகளையும், ஐஸ் பெட்டியில் ஹலால் இறைச்சியையும், கழிப்பறைக்கென ஒரு பிளாஸ்டிக் செம்பையும் எடுத்து வந்திருந்தாள். அந்நாட்டுக் கழிப்பறையில் காகிதம்தானே இருக்கும்! செம்பை மறந்தவர் படும் பாட்டை எழுத இப்பக்கம் போதாது. முதல் நாள் மாலை இறைச்சிக்கு வெங்காயம் தாளித்தபோது புகையை உணரும் மணி அலறிற்று. மருமகன் நாற்காலிமேல் ஏறித் துண்டால் விசிற, அண்டைக் குடிலார் எட்டிப் பார்க்க, ஒரே அமளி.

பிணக்கு அதன்பின் வந்தது. திண்ணையின் ஓரத்தில் வெந்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. மின்சாரத்தால் நீர் சூடாகிக் குமிழியிடும். குடும்பமே இறங்கி அமரலாம். பேரனும் மருமகனும் உடனே இறங்கினர். பதினான்கு வயதுப் பேத்தியும் எழுந்தாள். மகள் தடுத்தாள். மறைப்பு ஏதுமில்லை, நாற்புறமும் குடில்கள், வழிப்போக்கர் நடக்கும் பாதை பத்தடி தொலைவில்.

"நன்னி, எல்லாத் தடையும் எனக்கு மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டுப் பேத்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. தடை தவறன்று. தொட்டிக்குத் தட்டி மறைப்பு உண்டா என்று முன்பதிவு செய்யுமுன் நாங்கள் விசாரிக்கவில்லை; அதுவே தவறு. பெரியவர்கள் கேட்க மறந்ததற்குப் பிள்ளை விலை கொடுத்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொட்டியில் இருந்த ஆண்கள் இருவரின் காற்சட்டையும் முழங்காலுக்கு மேலே நின்றது. தொப்புள் முதல் முழங்கால் வரை ஆணுக்கும் மறைக்க வேண்டிய பகுதியன்றோ? பேரனை அழைத்துச் சொன்னேன். மருமகனிடம் மாமியார் எப்படிச் சொல்வது? மகளிடம் சாடையாகச் சொன்னேன். இருவரும் நீண்ட காற்சட்டைக்கு மாறினர். கதவிடுக்கில் பேத்தி அதனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளை ஊருக்குள் அழைத்துச் சென்றேன். 1897இல் திறக்கப்பட்ட துருக்கிக் குளியல் மாளிகை அங்கே இன்றும் இயங்குகின்றது. பெண்களுக்கென்று தனி நேரம் உண்டு. இருபாலரும் கலந்து வரும் நேரங்களும் உண்டு என்பதால் தொலைபேசியில் கேட்டே புறப்பட்டோம். முழங்காலுக்குக் கீழும் மறைக்கும் நீச்சல் உடை அணியலாமா என்று மகள் கேட்டாள். தாராளமாக அணியலாம் என்றனர்.

உள்ளே நுழைந்ததும் திகைத்து நின்றேன். பள்ளிவாசலில் காண்பது போன்ற வளைவுகள், வண்ணக் கற்கள், மேல்தளத்தில் கொடிச் சித்திரங்கள். ஒன்றைவிட ஒன்று சூடான மூன்று அறைகள். ஆவி அன்று, உலர்ந்த சூடு. பிறகு குளிர்நீர்த் தொட்டி. "இது ஏன் மஸ்ஜித் மாதிரி இருக்கிறது?" என்றாள் பேத்தி.

இது நம்மவரின் ஹம்மாம் என்றேன். உரோமர்களின் வெந்நீர்க் குளியலை முஸ்லிம் நகரங்கள் தூய்மையின் பொருட்டுப் பேணி வளர்த்தன. கான்ஸ்டாண்டிநோபிளில் தூதரகப் பணி புரிந்த டேவிட் அர்க்கார்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதில் மனம் பறிகொடுத்து, 1850இல் தம் நூலில் புகழ்ந்து எழுதினார். அதனைப் படித்த ரிச்சர்ட் பார்ட்டர் என்ற மருத்துவர் 1856இல் அயர்லாந்தில் ஒன்றைக் கட்டினார். பின்னர் பிரிட்டன் முழுவதும் நூற்றுக்கணக்கில் பெருகின. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் தூய்மை பற்றிய பகுதியில் ஹம்மாமின் ஒழுங்குகளையும் விரித்துரைக்கின்றார்கள். உடலை மறைத்தல், பார்வையைத் தாழ்த்துதல், தண்ணீரை வீணாக்காமை, அந்தச் சூட்டில் நரகின் வெப்பத்தை நினைத்தல் ஆகியவை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. மூன்றாவது அறையின் சூட்டில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, "கடைசியாகச் சொன்னது புரிகிறது நன்னி" என்று ஓடி வந்துவிட்டாள்.

அன்றிரவு குளியலறையிலிருந்து ஷாம்பு புட்டியோடு வந்தாள். "இதுவும் நம்முடையதா?" கேலிதான், ஆனால் பதில் இருந்தது. பிடித்துவிடுதல் என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதை இங்கிலாந்தில் பரப்பியவர் 1759இல் பாட்னாவில் பிறந்த தீன் முஹம்மது. 1810இல் இலண்டனில் இந்திய உணவகம் நடத்தி நொடித்தார். பின்னர் பிரைட்டன் கடற்கரையில் ஆவிக் குளியலும் உடல் பிடித்தலும் நடத்தி, நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என இரு மன்னர்களிடம் பதவி பெற்றார்.

"அவர் முஸ்லிமாகவே இருந்தாரா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. 1786இல் அயர்லாந்துப் பெண்ணை மணப்பதற்காகக் கிறிஸ்தவ சமயத்தில் சேர்ந்தார். 1851இல் இறந்து பிரைட்டனின் தேவாலய வளாகத்தில் அடங்கினார். பேரர்களுள் ஒருவர் இரத்த அழுத்த ஆய்வில் புகழ்பெற்ற மருத்துவர். பிரெடரிக் அக்பர் முஹம்மது என்று பெயர். சொல்லி முடித்ததும் பேத்தி நெடுநேரம் பேசவில்லை.

மே மாத இறுதி. சூரியன் மறையவே ஒன்பது மணி இருபது நிமிடம் ஆகும். மறைந்தபின்னும் வடவானில் வெளுப்பு விடியும் வரை நீங்காது. ஆகவே இஷாவின் நேரம் அங்கே பெரும் கேள்வி. இரவைப் பங்கிட்டுக் கணக்கிடும் ஆலிம்களும் உண்டு. அந்தி முழுதாய் மறையும் அண்மை நாளின் நேரத்தைக் கொள்வோரும் உண்டு. மகள் வீட்டார் தங்கள் பள்ளிவாசலின் அட்டவணையையே பின்பற்றுவர். ஆண்கள் தொழுதுவிட்டுப் படுத்துவிட்டனர். கதையில் மூழ்கிய நாங்கள் இருவரும் பதினொன்றரைக்குமேல் ஒளு செய்து திண்ணைக்கு வந்தோம். பயணிகளாதலால் பர்ளு இரண்டு ரகஅத்துதான்.

அறுபது ஆண்டுப் பழக்கம் எனக்கு. நம் ஊரில் கிப்லா மேற்கு. சூரியன் விழுந்த திசை. அடிவானில் வெளுப்புத் தெரிந்த பக்கம் நோக்கி நின்று கைகளை உயர்த்தப் போனேன். பேத்தி என் தோளைப் பிடித்துத் தென்கிழக்காகத் திருப்பினாள்.

"அங்கே இல்லை நன்னி, இந்தப் பக்கம்" என்று சொல்லி, தன் விரிப்பை என் விரிப்போடு சேர்த்துப் போட்டாள்.