பங்கு என்றொரு சொல்

காசிமேட்டுப் பிள்ளைக்குப் பங்கு என்ற சொல் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரிந்துவிடும். விசைப்படகு கரை சேர்ந்து, மீன் ஏலம் போய், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழிந்தபின் அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவது பங்கு. தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் ஊர்ச் சபையையும் அதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் திருச்சபையைப் பற்றிச் சொல்ல வரும் நாம் இந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். கோயில் கோபுரத்துக்கு வண்ணம் தீட்டவைத்துப் பாடத்தை முடித்துவிடுகிறோம்.

பக்கத்திலிருக்கும் ராயபுரத்தின் பெயரே ஒரு மீனவருடையது. பேதுருவைப் பழைய தமிழ்க் கிறிஸ்தவர் இராயப்பர் என்றார்கள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், பிளக்காது. அதை ஓட்டியவர்கள் தங்கள் உழைப்பில் 1829இல் எழுப்பியதுதான் புனித இராயப்பர் ஆலயம். 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. படகோட்டிப் பிழைப்பு மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஆலயத்தை எழுப்பிய அந்தக் கைகளைப் பற்றி எந்தப் பிள்ளைக்காவது சொல்லியிருக்கிறோமா?

பிள்ளைகளை நம்பிப் பாடத்தைக் கொடுப்பது புதிதல்ல. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் சரளமாக வராது. தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதைத் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, இந்தியாவில் தமிழில் முதலில் அச்சேறிய நூல், 16 பக்கங்களில் ஒரு ஞானோபதேசம்தான். அதற்கு முன்பே பிள்ளைகள் வாய்வழியாகப் பாடம் வீடுகளுக்குள் போயிருந்தது.

கசப்பான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்து வழிபட்டார்கள். 1910இல்தான் அதை இடித்தார்கள். திருச்சபையை இறைமக்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதியது. ஒரு பிள்ளையைத் தள்ளி உட்காரவைக்கிற இடத்தில் அந்தச் சொல் பொய்யாகிவிடும். அதையும் சொல்லித்தான் கற்பிக்க வேண்டும், பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

ஒரு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பைக் கடற்கரையில் வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் வேறு சாமி கும்பிடுகிற பிள்ளையும் வந்து உட்காரட்டும். கடலுக்குப் போய்த் திரும்பாதவர் வீட்டுக்கு யார் அரிசி கொண்டுபோனார்கள், 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பிள்ளைகளே பாடம் நடத்தட்டும்.