துருவுக்கு மேல சில்வர் பெயிண்ட் அடிக்காதீங்க, சாமி!

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயம். ஆபீஸ்ல ஆணி புடுங்குறதுலயே நாள் ஓடிருச்சு. (சிவகாசியில அச்சாபீஸ் வேலைன்னா ஆடிப்பெருக்குல இருந்து மார்கழி வரைக்கும் காலண்டர் சீசன். வீட்டு அட்ரஸே மறந்து போகும்.) இன்னிக்குத்தான் கொஞ்சம் ஓய்வு. அதனால உங்களுக்கு இன்னிக்குக் கஷ்டகாலம் :)

விஷயம் கேட்க ரொம்பச் சின்னது. வண்டியோட இரும்புத் தரை துருப்பிடிக்காம இருக்க மேல என்ன பூசலாம்? இதுக்கு ஒரு பதிவான்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. எங்க ஊர்ல இது வண்டியோட ஆயுசு மட்டும் சம்பந்தப்பட்டது இல்ல.

எங்க அக்கா வீட்டுக்காரர் ஒரு குட்டியானை வச்சு ஓட்டுறார். போகும்போது பட்டாசு ஆலைகளுக்குப் பேப்பர் குழாய், அட்டைப்பெட்டி. வரும்போது அங்கேருந்து காலி டின், காலி சாக்கு. எஃப்.சி. நெருங்கும்போதுதான் நம்ம ஆளுங்களுக்கு வண்டி மேல பாசம் வரும் இல்லையா, மச்சானும் அப்பத்தான் பின்பக்க ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தார். தகடு அப்பளம் மாதிரி இருக்கு. ஒரு இடத்துல விரலை வச்சு அமுக்கினா ரோடு தெரியுது.

உடனே ஆலோசனை மழை. ஒருத்தர் பழைய இன்ஜின் ஆயிலை அடிக்கச் சொன்னார். இன்னொருத்தர் தார் பூசிட்டா தாத்தா காலம் வரைக்கும் நிக்கும்னார். பெயிண்ட் கடை அண்ணாச்சி, "ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, அது மேல சில்வர் ரெண்டு கோட்டு. பளபளன்னு இருக்கும் தம்பி, எஃப்.சி.ல ஒரு கேள்வி வராது"ன்னு சொன்னார். மச்சானுக்கு அது பிடிச்சுப் போச்சு. செலவும் கம்மி.

மறுநாள் பட்டறையில விட்டோம். (எந்தப் பட்டறைன்னு கேக்காதீங்க, அவங்க மேல மட்டும் தப்பு இல்ல.) டிங்கர் பையன் கிரைண்டரை எடுத்து நேரா தரையில வச்சான். பொறி பறந்தது, அது சகஜம்தானே. ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். பக்கத்துத் தகடும் தரையும் சேர்ற மூலையில இருந்து "புஸ்ஸ்"னு வெள்ளையா ஒரு வெளிச்சம். மத்தாப்பு மாதிரி ஒரு நொடிதான். பையனுக்குக் கை முடி கருகினதோட போச்சு. கிரைண்டரைப் போட்டுட்டு எகிறிக் குதிச்சவன் மூஞ்சியில ரத்தமே இல்ல.

அப்புறம் டார்ச் அடிச்சுப் பார்த்தா அந்த இடுக்குல சாம்பல் நிறத்துல வெள்ளி மினுக்கலோட தூசி. காலி டின்கள்ல ஒட்டியிருந்த அலுமினியத் தூள், உப்பு, கந்தகம் எல்லாம் வருஷக்கணக்கா உதிர்ந்து சேர்ந்திருக்கு. "காலி டின் தானே மாப்ள ஏத்துனோம்"னு மச்சான் மெல்லச் சொன்னார். எனக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்தத் தரையைச் சுரண்டித் தரச் சொன்னதே நான்தான்.

நிற்க. இப்ப என் கட்சியைச் சொல்றேன்.

முதல்ல, துரு எங்கேருந்து வருது? "நம்ம ஊர்ல கடலா இருக்கு, துருப்பிடிக்க?"ன்னு கேப்பாங்க. கடல் பக்கத்து இரும்பு படுற பாடு பாம்பன்ல தெரியும். 1914ல திறந்த பழைய ரயில் பாலத்துல 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்திட்டாங்க. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துக்கு உப்புக்காத்தைத் தாங்கணும்னே பாலிசிலாக்ஸேன் பூச்சு கொடுத்திருக்காங்க. ஆனா விருதுநகர்ப் பக்கம் வண்டித் தரைக்கு எமன் கீழ இருந்து வர்றது கம்மி. மேல இருந்துதான் வர்றான். ஐப்பசி, கார்த்திகை மழையில நனைஞ்ச ரப்பர் மேட் காயவே காயாது. அதுக்கு அடியில உப்புத் தூசி. வெறும் தண்ணியை விட உப்புத் தண்ணி மின்சாரத்தை நல்லாக் கடத்தும், அதனால துருவும் வேகமா ஏறும். நாம என்னடான்னா வண்டிக்கு அடியில மட்டும் பூசிட்டு மேல மேட்டைப் போட்டு மூடிடுறோம்.

ரெண்டாவது, துருவை மூடிட்டா துரு நிக்காது. அது உருவான இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனாலதான் பெயிண்ட்டைத் தூக்கிக்கிட்டு உப்பி வருது. உள்ள மாட்டின ஈரமும் உப்பும் வேலையைத் தொடரும். வெளியே பளபள, உள்ள அப்பளம்.

இப்ப ஒவ்வொரு பூச்சா பார்ப்போம்.

பழைய ஆயில்: செலவே இல்ல, உண்மைதான். ஆனா தூசியெல்லாம் அதுல ஒட்டும். ரப்பர் ஊறிப் போகும். அதை விட முக்கியம், எங்க பக்கத்து உப்புகள் (நைட்ரேட், குளோரேட்) எரியறதுக்கு ஆக்சிஜன் கொடுக்கிற சாதி. ஆயில் எரியற சாதி. ரெண்டையும் ஒரே தகட்டுல குடி வைக்கணுமா?

தார், ரப்பர் கோட்டு: வண்டிக்கு அடிப்பக்கம் சுத்தமான தகட்டுல அடிச்சா நல்லது. கல் தெறிக்கிறதைத் தாங்கும். துரு மேல அடிச்சா ஈரத்தைப் பூட்டி வைக்கிற பெட்டி. ஒரு இடத்துல விரிசல் விட்டாப் போதும், உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணுக்கே தெரியாது.

ரஸ்ட் கன்வெர்ட்டர்: பாஸ்பாரிக் அமிலமோ டேனிக் அமிலமோ இருக்கும். மெல்லிய துருவைக் கருப்புப் படலமா மாத்தும். டெல்லி இரும்புத் தூண் 1600 வருஷமா நிக்கிறதுக்கும் அதுல இருக்கிற பாஸ்பரஸ் உருவாக்கின காப்புப் படலம் ஒரு முக்கியக் காரணம்னு ஐஐடி கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ச்சி பண்ணிச் சொன்னார். ஆனா செதில் செதிலா உதிர்ற துருவுக்கு இது ஆகாது. சுரண்டின பிறகு குழிகள்ல மிச்சம் இருக்கிறதுக்குத்தான் இது.

ரெட் ஆக்சைடு: இதோட செந்நிறமே இரும்பு ஆக்சைடுதான், அதாவது துருவோட சொந்தக்காரன் :) பிரைமரா மட்டும் விட்டுட்டா ஈரம் உள்ள போகும். மேல நல்ல கோட்டு கட்டாயம்.

சில்வர் பெயிண்ட்: இங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குது. சில்வர்ங்கிறது அலுமினியச் செதில். கீழ இருக்கிறது இரும்பு ஆக்சைடு. இந்த ரெண்டும் சேர்ந்தா என்னன்னு தெரிஞ்சுக்க ரயில்வே லைனுக்குப் போங்க. தண்டவாளத்தை ஒட்ட வைக்கிற தெர்மிட் வெல்டிங்குக்கு இதே ரெண்டு சரக்குதான், இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும். இரும்பு உருகி ஓடுற சூடு.

பெயிண்ட் அடிச்ச உடனே வண்டி வெடிச்சிரும்னு நான் சொல்லல. அந்த மாதிரி ஆகாது. ஆனா துருப்பிடிச்ச இரும்பு மேல அலுமினியம் இருந்து, அதுல கனமான பொருள் ஓங்கி விழுந்தா வர்ற பொறி சாதாரணப் பொறியை விடச் சூடு அதிகம். இது என் கற்பனை இல்ல. எண்ணெய்க் கப்பல்களோட சரக்குத் தொட்டியில காய்ஞ்ச பெயிண்ட்ல 10 சதவீதத்துக்கு மேல அலுமினியம் இருக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. பெட்ரோல் ஆவிக்குப் பயந்து அவன் அவ்வளவு யோசிக்கிறான். நாம மருந்துத் தூசி உதிர்ற தரையில "பளபளன்னு இருக்கும்"னு அடிக்கிறோம்.

நம்ம வெடிபொருள் விதிகள் (2008) கூட மருந்து புழங்குற கட்டடத்துக்குள்ள இரும்பு, மண், கல் எதுவும் மருந்தோட சேரக் கூடாதுன்னுதான் சொல்லுது. ஆலைக்குள்ள இவ்வளவு கவனம். கேட்டைத் தாண்டி வெளிய வர்ற காலி டின்னுக்கு என்ன கவனம்? அதைத் தூக்கி எறியிற தரைக்கு என்ன கவனம்? 2016 அக்டோபர் 20 சிவகாசியில யாருக்கும் மறக்காது. வேன்ல பட்டாசு ஏத்தும்போது பிடிச்ச தீ. பக்கத்து ஸ்கேன் சென்டருக்குள்ள புகை போய், குறைஞ்சது எட்டு உசுரு. அதுக்கும் துருவுக்கும் சம்பந்தம்னு சொல்ல வரல. ஆனா சரக்கு ஏத்துற அந்த நிமிஷம் எவ்வளவு மோசமானதுன்னு அன்னிக்கு ஊரே பார்த்துச்சு.

சரி, கடைசியில நாங்க என்ன பண்ணோம்?

வேற ஒரு பட்டறை. கிரைண்டர் கிட்ட வர்றதுக்கு முன்னாடி தரை, மூலை, இடுக்கு எல்லாத்தையும் தாராளமா தண்ணி ஊத்திக் கழுவினோம். சும்மா நனைக்கிறது இல்ல, அடிச்சு வெளியேத்துறது. அப்புறம் நல்லா வெயில்ல காய வச்சோம். (எங்க ஊர்ல அதுக்கு மட்டும் பஞ்சமே இல்ல.) அழுகின தகட்டை வெட்டிப் புதுத் தகடு வச்சு வெல்டிங். மிச்ச இடத்தை வயர் பிரஷ், உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் தேய்ச்சோம். குழிகள்ல மட்டும் கன்வெர்ட்டர். தின்னர்ல துடைச்சுட்டு ஹார்டனர் கலக்குற டூ பேக் எபாக்ஸி பிரைமர், ஜிங்க் பாஸ்பேட் சேர்ந்தது, ரெண்டு கோட்டு. மேல பியூ பெயிண்ட். தண்ணி வடியிற ஓட்டைகள்ல அடைச்சிருந்த மண்ணை எடுத்தோம். ஒரு வாரம் லோடு ஏத்தல. கடைசியா லாரிக்குப் போடுற மாதிரி பலகைத் தரை, கழட்டி மாட்டுற மாதிரி. டின் விழுந்தாலும் மரத்துல விழட்டும். ரப்பர் மேட்டுக்கு விடை கொடுத்தாச்சு. ஆலைகள்ல போடுறது மின்சாரம் கடத்துற தனி ரப்பர், நம்ம கடை மேட்டு அது இல்ல.

செலவு? பெயிண்ட்டுக்கு ஒரு பங்குன்னா சுத்தம் பண்ற கூலிக்கு ரெண்டு பங்கு. மச்சான் முதல்ல, "மாப்ள, ஒரு வாரம் வண்டி நின்னா டியூ யார் கட்டுறது?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு வண்டியை வச்சுப் பிழைக்கிறவனுக்கு ஒரு வாரம்ங்கிறது சின்ன விஷயம் இல்ல. அந்த மாசம் அக்கா நகை ஒண்ணு அடகுக்குப் போச்சு, மறைக்கல. அதனாலதான் சொல்றேன், தகடு அப்பளம் ஆகுற வரைக்கும் காத்திருக்காதீங்க. மாசம் ஒரு தடவை மேட்டைத் தூக்கிக் கழுவிக் காய வச்சிருந்தா இந்தச் செலவுல முக்கால்வாசி மிச்சம்.

எந்தப் பெயிண்ட் நல்லதுன்னு கேக்குறவங்களுக்கு என் பதில் இதுதான்: பூசுறதைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல கீழ இருக்கிறதைச் சுத்தம் பண்ணுங்க. பட்டாசு ஆலைப் பக்கம் ஓடுற வண்டின்னா கழுவாம கிரைண்டரைத் தொடாதீங்க. சில்வர் பக்கமே போகாதீங்க.

அந்த டிங்கர் பையனைப் போன வாரம் டீக்கடையில பார்த்தேன். "அண்ணே, இப்பல்லாம் எந்த வண்டி வந்தாலும் மொதல்ல பைப்பை எடுத்துருவேன்"னு சிரிச்சான். கையில முடி திரும்ப முளைச்சிருச்சு.

டிஸ்கி: நான் பெயிண்ட் இன்ஜினியர் இல்ல, அச்சாபீஸ் ஆசாமி. தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் வண்டி வச்சிருக்கிற மக்கள், உங்க ஊர் உப்புக்காத்துல எந்தப் பூச்சு எத்தனை மழை தாங்குச்சுன்னு சொல்லிட்டுப் போங்க. மச்சான் அடுத்து அடிப்பக்கம் பூசணுமாம் :)