தூய காதலும் துடைத்தழித்த கணக்கும்

நத்தார்ப் பண்டிகை நெருங்குந்தோறும் ஆங்கில வாசகருக்கென ஒருவகைக் காதற்கதை மூட்டை மூட்டையாக வந்திறங்குகின்றது. தூய கதை, குடும்பத்தார் அனைவரும் கூசாது படிக்கத்தக்க கதை என்று அதற்குப் பெயர். முத்தத்துக்கு அப்பால் எதுவும் நிகழாது. இழிசொல் ஒன்றேனும் இராது. இதனைக் கண்டிப்பவன் ஒழுக்கத்தின் விரோதி என்று பழிக்கப்படுவான். அப்பழியை ஏற்க நான் ஆயத்தமாயில்லை. என் வழக்கு வேறு.

பெருநகரில் உயர்ந்த உத்தியோகம் பார்க்கும் பெண்ணொருத்தி பனிமூடிய சிற்றூருக்குத் திரும்புகிறாள். அங்கே மனைவியை இழந்த ஒருவன், தாயற்ற குழந்தை, கடனில் மூழ்கும் பேக்கரி, அல்லது விடுதி, அல்லது நத்தார் மரத் தோட்டம். டிசெம்பர் 24ஆம் திகதி மாலைக்குள் கடன் தீரும், காதல் கனியும், அவளுடைய உத்தியோகம் கைவிடப்படும். 1997இல் ஹார்லக்குவின் நிறுவனம் தொடக்கிய 'லவ் இன்ஸ்பயர்ட்' வரிசை, ஒழுக்கவேலிக்குட்பட்ட காதலை ஒரு தனிப் பண்டமாகவே ஆக்கிற்று. 2009 முதல் ஆண்டுதோறும் ஹோல்மார்க் தொலைக்காட்சி இதே அச்சில் நத்தார்ப் படங்களை வார்த்து வருகின்றது. அந்நிறுவனம் 1910இல் தபாலட்டை வியாபாரமாகத் தொடங்கி, வாழ்த்து அட்டை விற்று வளர்ந்தது என்பதை நினைவிற் கொண்டால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

கட்டிலை மறைத்தமைக்காக இக்கதைகளை நான் குறைகூறவில்லை. கட்டிலோடு சேர்த்துச் சம்பளத்தையும் மறைத்துவிட்டனரே, அதுதான் குற்றம். பேக்கரியின் கடன் யாருக்கு? வட்டி எவ்வளவு? மாவு பிசைபவன் யார்? கடைச் சிப்பந்திக்கும் தபாற்காரனுக்கும் பண்டகசாலைத் தொழிலாளிக்கும் முதுகு ஒடியும் மாதம் டிசெம்பர். இக்கதைகளிலோ அம்மாதத்தில் எவரும் களைப்பதேயில்லை.

நத்தார்க் கதை என்றால் அப்படித்தான், அது இனிப்புப் பண்டம் என்பர் சிலர். இது வரலாறு அறியாதார் கூற்று. 1843இல் டிக்கன்ஸ் எழுதிய நத்தார்க் கதையில் எழுத்தன் கிறாச்சிற்றின் வாரச் சம்பளம் 15 சிலிங் என்பது வெளிப்படையாகவே நிற்கின்றது. அதனுள் ஒரு காதலும் உண்டு; கஞ்சன் ஸ்குறூச்சின் இளமைக் காதல். பணத்தாசை தன் இடத்தைக் கவர்ந்துகொண்டதைக் கண்ட பெண், அவனை விடுவித்துச் செல்கிறாள்.

1905இல் ஓ. ஹென்றி எழுதிய 'ஞானியரின் பரிசு' இன்னும் பொருத்தமான சான்று. இதைவிடத் தூய காதற்கதை வேண்டுமா? ஆனால் அது தொடங்குவதே ஒரு தொகையில்: 1 டொலர் 87 சதம். பலசரக்குக்காரனோடும் மரக்கறிக்காரனோடும் இறைச்சிக்காரனோடும் முகம் சிவக்கப் பேரம்பேசி மீத்த காசு. கணவனின் வாரச் சம்பளம் 30 டொலரிலிருந்து 20 டொலராக வீழ்ந்துள்ளது. வீட்டு வாடகை வாரம் 8 டொலர். கூந்தலை 20 டொலருக்கு விற்று, 21 டொலருக்குக் கடிகாரச் சங்கிலி வாங்குகிறாள் டெல்லா. அவனோ கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கி வருகிறான். மேல்வகுப்பு மாணவருக்கு இக்கதையை நான் வாசித்துக் காட்டியதுண்டு. பலரும் கூந்தலுக்காக இரங்கினர். ஒருவன் மட்டும் கொப்பியின் ஓரத்தில் இருபதில் எட்டைக் கழித்துக்கொண்டிருந்தான். அவன் கதையைச் சரியாகவே படித்தான் என்பேன். அந்தக் கணக்கை நீக்கிவிட்டால் அந்தக் காதலுக்கு எடை ஏது?

காதற்கதை என்றதும் முகஞ்சுளிக்கும் நம் முற்போக்கு நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். காதலை விட்டுக்கொடுத்தால் அதை வாழ்த்து அட்டை வியாபாரிதான் எடுத்துக்கொள்வான்.

ஓ. ஹென்றியிடமும் குறையுண்டு. சம்பளம் ஏன் வீழ்ந்தது என்று அவர் கேட்கவில்லை. தம்பதியரை ஞானிகளென வாழ்த்தி முடித்துவிடுகிறார். ஆயினும் அதனோடு 1906ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்ற 'முடிவுறாத கதை'யில் அவரே வேறொருவராகிறார். கடைச் சிப்பந்தி டல்சிக்கு வாரம் 6 டொலர் சம்பளம். அறை வாடகை 2 டொலர். பன்றி என்று பட்டப்பெயர் பெற்ற ஒருவன் அவளை விருந்துக்கு அழைக்கிறான். அன்றிரவு அவள் மறுத்துவிடுகிறாள். தனிமையும் பசியும் மிகும் இன்னோர் இரவில் மறுக்கமாட்டாள் என்பதைக் கதை மறைக்கவில்லை. தூய்மைக்கும் கூலிக்கும் உள்ள உறவை இதனினும் தெளிவாக எவர் சொன்னார்? முடிவில், இறுதித் தீர்ப்பைக் கனவு காணும் கதைசொல்லியிடம், பெண்களுக்கு வாரம் ஐந்தாறு டொலர் கொடுத்து வேலைவாங்கிய கூட்டத்தைச் சேர்ந்தவனா என்று கேட்கப்படுகின்றது. இல்லை, தான் ஓர் அநாதை விடுதிக்குத் தீவைத்து, குருடன் ஒருவனைச் சில்லறைக்காகக் கொன்றவன் மட்டுமே என்கிறான் அவன்.

'ஞானியரின் பரிசு' நத்தார்தோறும் வண்ணப்படங்களோடு பரிசு நூலாக விற்பனையாகின்றது. டல்சியின் கதைக்குப் பொன்னிற அட்டை போட முன்வந்த பதிப்பாளர் எவரையும் நான் கண்டதில்லை.