ஓமந்தையில் இல்லாத வரிசை

"திருத்தினால் வலி போய்விடும்" என்கிறார்கள் நம் எழுத்தாளர் சிலர். ஒரே இருப்பில் எழுதி அப்படியே அச்சுக்குக் கொடுத்ததைப் பெருமையாகவும் சொல்கிறார்கள். நாமும் வெளியீட்டு விழா வைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். கதையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. இந்தச் சோம்பலுக்கு உணர்ச்சி என்று பெயர் சூட்டுவதை நான் மறுக்கிறேன். அந்தக் குற்றத்தை நானும் செய்தவன் என்பதால்தான் மறுக்கிறேன்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டதை ஒரு சிறுகதையாக எழுதினேன். தையற்காரர் ஒருவர் குடும்பத்தோடு வவுனியா நோக்கி வருகிறார். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் நீண்ட வரிசை, பொதிகள் கொட்டப்படுகின்றன, குழந்தை அழுகிறது. எழுதிய நானே கண் கலங்கினேன். கதை அச்சாகியது. பாராட்டும் வந்தது.

புத்தளத்தில் ஒரு பெரியவர், அன்று அந்த வழியால் வந்தவர், வாசித்துவிட்டுக் கேட்டார்: "நாங்க வரேக்க ஓமந்தையில ஏது தம்பி அந்த வரிசை?"

அவர் கேட்டது சரி. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பிறகு நாமெல்லாம் இறங்கி ஏறிய சாவடி அது. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்படும்வரை நான் பார்த்த வரிசையைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளி 1990இல் நிறுத்தியிருந்தேன்.

"சின்னப் பிழைதானே" என்றார்கள் நண்பர்கள். இல்லை. வெளியேற்றத்தைச் சிறிதாக்கிப் பேசக் காத்திருப்போருக்கு இப்படி ஒரு பொய்ச் சாவடி போதும். மற்ற உண்மைகளையும் அதனோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். ஒரு ஹதீஸை ஏற்குமுன் அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் ஆராய்ந்த மரபு நம்முடையது. நம் சொந்தத் துயரை எழுதும்போது மட்டும் அந்தச் சிரத்தை எங்கே போயிற்று?

கதையை மறுபடி கையில் எடுத்தேன். சாவடியை அகற்றினேன். அந்த இடத்தில் எதை வைப்பதென்று பெரியவரிடமே கேட்டேன். பக்கத்துத் தெரு வாத்தியாரின் சட்டைக்கு ஒரு கை மட்டும் பொருத்தியிருந்தாராம். அந்த இரண்டு மணி நேரத்தில், அதை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்பதும் அவருக்கொரு கவலை. என் முதல் பிரதியில் வந்த தமிழரெல்லாம் கல்நெஞ்சர். அந்த வாத்தியாருக்கு அதில் இடமே இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. 'கண்ணீர்' என்ற சொல் ஏழு இடத்தில் வந்திருந்தது, ஏழையும் வெட்டினேன். வலி போகவில்லை. ஒற்றைக் கைச் சட்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

எழுதியதை ஒரு மாதம் மூடி வையுங்கள். பிறகு சத்தமாக வாசியுங்கள். பாராட்டுகிறவரை விடுங்கள், அந்த வழியால் நடந்தவரிடம் காட்டுங்கள். அன்று முப்பது வயதில் வந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே திருத்திக்கொள்வோம்.