3 சதவீதம்: வாங்காவிட்டால் யாரு கேக்கிறது?

மத்திய சர்க்கார் நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், அதில் 3 ரூபாய்க்குப் பெண்கள் நடத்தும் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். 2018 நவம்பரில் போட்ட உத்தரவு இது. சிறு தொழில்களுக்கு மொத்தம் 25 சதவீதம். அதற்குள் பெண்களுக்கு 3.

டெல்லி சமாசாரம் என்று தள்ளிவிட வேண்டாம். பெரம்பூர் ரெயில் பெட்டி தொழிற்சாலையும் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் இந்த உத்தரவுக்குள் வருகிறவைதான். திருமுல்லைவாயிலில் பெண்களுக்கென்றே சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. வாங்க ஆள் உண்டு, செய்து கொடுக்கவும் ஆள் உண்டு. (சரக்கு வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. தயாரிப்பவர்களுக்கும் சேவைத் தொழில் செய்பவர்களுக்கும்தான்.)

சரி, ஒரு இலாகா 3 சதவீதம் வாங்கவில்லை. என்ன ஆகும்?

காரணத்தை எழுதி டெல்லியில் உள்ள மறு ஆய்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்! உத்தரவில் அபராதம் என்ற பேச்சே இல்லை. ஆபீசுக்கு லேட்டாக வந்த குமாஸ்தாவுக்கு அரை நாள் லீவு போய்விடுகிறது. இலாகா இலக்கைக் கோட்டைவிட்டால் ஒரு கடிதத்தோடு சரி!

"பொம்பளைங்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். சர்க்கார் பணத்தை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை, ஐயா. டெண்டரில் பெரிய கம்பெனி 100 ரூபாய் போட்டிருக்கிறது, சிறு தொழில் நடத்தும் அம்மா 115 ரூபாய் வரை போட்டிருக்கிறார் என்று வையுங்கள். அவரும் 100 ரூபாய்க்கு இறங்கி வந்தால்தான் ஆர்டரில் கால் பங்கு கிடைக்கும். டெண்டர் பாரமும் இலவசம், முன்பணமும் கட்ட வேண்டாம். விலையில் ஒரு பைசா கூட அதிகம் இல்லை.

மனைவி பெயரில் போர்டு, கணவர் கையில் செக் புத்தகம் என்ற தில்லுமுல்லும் நடக்கத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிக்க வேண்டியது ஆபீசின் வேலை. அதையே சாக்காக வைத்து நிஜமாகத் தொழில் செய்கிற பெண்ணை விரட்டக்கூடாது.

அவருக்குப் பெரிய தலைவலி பில் பணம். 45 நாளில் கொடுக்க வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு வட்டி என்று 2006-ம் ஆண்டு சட்டம் சொல்கிறது. ஆனால் வட்டி கேட்டு மனு போட்டுவிட்டு, அதே ஆபீசில் அடுத்த டெண்டருக்குப் போய் நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அமெரிக்காவில் 1994-ல் 5 சதவீதம் என்று சட்டம் போட்டார்கள். அதை முதல் தடவை எட்டியது 2015-ம் நிதியாண்டில்! 21 வருஷம்! அதுவும், சில காண்டிராக்டுகளில் பெண்கள் மட்டுமே போட்டியிடலாம் என்று 2011-ல் ஒதுக்க ஆரம்பித்த பிறகு.

நம் ஊரிலும் அப்படிச் சில சாமான்களை ஒதுக்கிப் பார்க்கட்டும். அதுவரை ஒன்றாவது செய்யலாம். இந்த வருஷம் பெண்களிடம் எத்தனை ரூபாய்க்கு வாங்கினோம், எத்தனை பில் 45 நாளைத் தாண்டி நிற்கிறது என்று ஒவ்வொரு ஆபீசும் தன் வாசலில் போர்டு எழுதி வைக்கட்டும். டெல்லிக்கு அனுப்புகிற அந்தக் காரணக் கடிதத்தையும் பக்கத்திலேயே ஒட்டட்டும்.