பட்டணத்துப் பிள்ளைக்கு நாம் என்ன அனுப்பினோம்?

நம் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு: "பட்டணத்துப் பிள்ளைங்க டப்பா மாவுலதான் வளருது. இந்தக் காலத்துத் தாய்மாருக்குப் பொறுமை இல்லை." சொல்வது சுலபம். சென்னையில் ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் கைக்குழந்தையை வளர்க்கிற பாடு வளர்க்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலோடு இணை உணவு. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான். அதற்கு நம்ம கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்து அரைத்தால் கஞ்சி கெட்டிப்படாது, பிள்ளைக்குச் சுலபமாக இறங்கும்.

ஆனால் அந்தத் தாய்க்கு முளைகட்ட நேரம் ஏது, காயவைக்க இடம் ஏது? நாமோ மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டு வந்துடறோம். அதே தானியம் மாவாகி, சர்க்கரை சேர்ந்து, டப்பாவில் அவங்க வீட்டுக்குப் போகுது. நடுவில் ஏறுகிற விலை உழவனுக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. வங்கியில் கணக்குப் பார்த்தவனுக்கு இது உறுத்துகிறது.

ஊருக்குப் பத்து உழவர் சேர்ந்தால் போதும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து, அரை கிலோ பையில் அரைத்த தேதி எழுதி, மாதாமாதம் இருபது வீட்டுக்கு அனுப்பலாம். 'முளைகட்டிய கேழ்வரகு மாவு' என்றே விற்கணும். குழந்தை உணவு என்று விளம்பரம் செய்ய 1992ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது.

முதல் பை போய்ச் சேரட்டும். தாய்மாரின் பொறுமையைப் பற்றி அப்புறம் பேசலாம்.